இருபத்தேழு மஞ்சள் சீட்டு

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் யாராவது கம்ப்யூட்டரைத் திறந்தபடி போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது திரை முழுக்க ஒரு கழுதை நிற்கும். சாதுவாக நிற்கும் கழுதை இல்லை, பல்லைக் காட்டி இளிக்கும் கழுதை. யார் வைத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் உள்ள சின்ன அறையிலிருந்து குரல் மட்டும் வரும்: "கதவைத் திறந்து போட்டுட்டுப் போனா கழுதைதான் உள்ள வரும். சாயங்காலம் வரைக்கும் அது அங்கயே நிக்கட்டும். எடுத்தீங்க, நாளைக்கு ரெண்டு கழுதை!"

குரலுக்குச் சொந்தக்காரிக்கு நாற்பத்தொன்பது வயது. நேரில் பார்த்தால் எல்லோருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் கழுதையக்கா. அது அவளுக்கும் தெரியும். "கழுதைன்னாலும் அக்கான்னு மரியாதையாத்தானே சேத்துச் சொல்றாங்க" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "ஊருக்குத்தான் உபதேசம். நம்ம வீட்டுச் சாவி எங்க தொங்குது பாரு" என்பார். வாசல் கதவின் பூட்டிலேயே தொங்கும். வெளிப்பக்கமாக.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே ரிப்போர்ட் டைப் அடிக்க வந்தவள். அப்போது இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது நின்றுபோனால் தட்டுகிற ஆள் வேறு யாரும் இல்லாததால் அவளே தட்டினாள். பிறகு திறந்து பார்த்தாள். பிறகு கெடுத்து, கெடுத்ததைச் சரி செய்து, அப்படியே கற்றுக்கொண்டாள். படித்து வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவள் மேஜைக்கு அடியில் புகுந்து வேலையை முடித்துவிட்டு, முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். இன்று இரண்டு மாடி, இருபத்தேழு கம்ப்யூட்டர். இருபத்தேழும் அவள் பொறுப்பு.

அந்த இருபத்தேழின் நெற்றியிலும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். அவள் கையெழுத்து: "புதுப்பிக்கவா என்று பிரவுசர் கேட்டால் 'பிறகு' என்பதை அமுக்கவும். மீறினால் கழுதை."

இவ்வளவு கறாரான பொம்பளை ஏன் அப்படி எழுதி ஒட்டினாள் என்று கேட்டால், அதற்கும் ஒரு கதை உண்டு. சூடு கண்ட பூனைக் கதைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பிரவுசர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. அங்கே ரிப்போர்ட்டுகள் எல்லாம் பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கத்தில்தான் தயாராகும். அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார், போனை எடுப்பதில்லை. அன்று திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அச்சாகும்போது மட்டும் எண்கள் ஒரு வரி கீழே இறங்கிவிட்டன. சர்க்கரைக்கு நேரே இருக்க வேண்டிய எண் கொழுப்புக்கு நேரே, கொழுப்பின் எண் உப்புக்கு நேரே. கண்டுபிடிப்பதற்குள் பதினோரு ரிப்போர்ட் வெளியே போயாகிவிட்டது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த வீட்டுக்காரரின் வேனில் ஏறி, அக்கா பதினோரு வீட்டுக்கும் அலைந்தாள். ஒன்பதாவது வீட்டில் ஒரு பெரியவர், அந்த ரிப்போர்ட்டைக் காட்டி வாங்கிவந்த சர்க்கரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்காகக் காத்திருந்தார். சர்க்கரையே இல்லாத மனிதர். "தண்ணி கொண்டுவர லேட்டாச்சுன்னு இப்பதான் மருமகளைத் திட்டிட்டு இருந்தேன்" என்றார். அக்கா அந்த மாத்திரையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே பழைய பிரவுசரைத் திரும்பப் போட்டு, புதுப்பிப்பதை எல்லா மெஷினிலும் நிறுத்தி, சீட்டு எழுதி ஒட்டினாள். அதில் தப்பு என்ன சொல்ல முடியும்?

ஒரு மாசத்துக்கு என்றால் தப்பில்லை. ஆறு வருஷம் ஆனதுதான் தப்பு.

இப்போது எறும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ரத்தம் எடுக்கிறவன். வயது முப்பத்தெட்டு, ஊசி பிடிக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம். அவன் குத்துவது எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று யாரோ சொல்லப்போக, எறும்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது. எடுத்து முடித்துப் பஞ்சு வைத்த பிறகு, "எப்பங்க குத்துவீங்க?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டவர்கள் உண்டு. குழந்தைகளை அவன் நாற்காலிக்குத்தான் கூட்டிவருவார்கள். ஊசி என்றால் எட்டு ஊருக்கு ஓடுகிற அக்காவே, வருஷத்துக்கு ஒருமுறை அவனிடம் மட்டும்தான் கையை நீட்டுவாள். அவன் மனைவியும் அங்கேதான், ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில். பதினோரு மணி டீக்கு அக்காவும் எறும்பும் பின்பக்கச் சுவரோரம் நிற்பதைப் பார்த்து, "கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பாச்சு" என்று அவளே கேலி செய்வாள்.

போன வருஷத் தொடக்கத்தில் பிரவுசரைச் செய்தவர்களிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. அவர்கள் வைத்திருந்த பழைய பிரவுசரில் ஒரு ஓட்டை இருக்கிறது. விஷமிகள் அதை இப்போது பயன்படுத்துகிறார்கள். எதையும் இறக்க வேண்டாம், எதையும் அமுக்க வேண்டாம், கெட்டுப்போன ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாலே போதும், உள்ளே வந்துவிடுவார்கள். அக்கா அதைப் படித்து முடித்தாள். உடனே மாடிக்கு ஓடினாள். நிலையத்தின் சொந்தக்காரரான பெரிய டாக்டருக்குக் கம்ப்யூட்டர் விவரம் பிடிபடாது. அதனால் அவர் பாஷையிலேயே சொன்னாள்.

"டாக்டர், நம்ம கையுறையில ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்குன்னு அதைச் செஞ்சவனே சொல்லிட்டான். புதுசும் சும்மாவே குடுத்துட்டான். நாம பழசையே மாட்டிக்கிட்டு ரத்தத்துல கையை விட்டுட்டு இருக்கோம்."

"புதுசு போட்டா மறுபடியும் நம்பர் இறங்கிடுமேம்மா?"

"இறங்கும். அதனால ஒரே ஒரு மெஷின்ல மட்டும் பழசு இருக்கட்டும். அதுக்கு வெளித்தொடர்பே வேண்டாம், வயரைப் பிடுங்கிடறேன். ரிப்போர்ட் எல்லாம் அதுல மட்டும். மத்த இருபத்தாறுக்கும் புதுசு."

"அப்ப ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஆளுங்க உங்க அறைக்கு ஓடி வரணுமா? அடுத்த வாரம் ஆய்வுக்கு வேற வர்றாங்க, கீழ ஜனம் வழியுது. இந்தக் கூட்டம் மட்டும் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஆய்வு முடிந்தது. காய்ச்சல் காலம் வந்தது. பிறகு கவுண்டர்காரிகள் முறுக்கிக்கொண்டார்கள். "மாடிப்படிக்கும் கவுண்டருக்கும் நாள் முழுக்க யாரு ஓடுறது?" டாக்டரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தால் அக்காவே முடித்திருப்பாள், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவள் உட்காரவில்லை. அந்தப் பெரியவரின் கையிலிருந்த மாத்திரை அவளுக்கு நினைவிருந்தது. ஓட்டையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, மாத்திரையைப் பார்த்திருக்கிறாள். "இந்தக் கூட்டம் மட்டும் முடியட்டும்" என்று அவளும் சொல்லிக்கொண்டாள். பதினாலு மாசம் சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் எந்த ரிப்போர்ட்டும் திறக்கவில்லை. எதைத் திறந்தாலும் ஒரே கடிதம்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பேசுங்கள் என்று. அக்கா ஒவ்வொரு மேஜையாக ஓடி, வயர்களைப் பிடுங்கிக்கொண்டே போனாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று அவளுக்கே தெரிந்தது. கூடத்தில் அறுபது பேர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள்.

ஒரு நல்ல காலம், வியாழக்கிழமைதோறும் எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி, அலமாரியில் பூட்டிவைக்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. அதனால் வியாழன் வரைக்கும் உள்ளது தப்பியது. ஞாயிற்றுக்கிழமையின் எண்கள், கடைசி ஒரு நாள் கணக்கை மட்டும் வைத்திருக்கும் பரிசோதனைக் கருவிகளின் நினைவிலேயே மிச்சம் இருந்தன. வெள்ளியும் சனியும் போனது போனதுதான். நூற்று எண்பத்து மூன்று பேர். எடுத்த ரத்தத்தையும் கொட்டியாகிவிட்டது. அத்தனை பேரையும் திரும்ப அழைத்துத் திரும்பக் குத்த வேண்டும்.

மத்தியானத்துக்குள் எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டாள். கீழ்த்தள கவுண்டர் மெஷின், வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் மனைவிக்குப் பதிலாக அங்கே உட்காருகிறவன் எறும்பு ஒருவன்தான். பிரவுசரில் அவன் திறந்த பக்கங்களின் பட்டியல் நாலு வாரத்துக்கு அப்படியே இருந்தது. 'விரல் நடுங்குவது ஏன்.' 'கை நடுக்கம் நிற்க வழி.' 'நடுக்கம் வந்தவர்கள் வேலை செய்யலாமா.' கடைசியாக, ஏழே நாளில் நடுக்கம் போகும் என்று சத்தியம் செய்யும் ஒரு பக்கம். விஷம் அதில்தான் இருந்தது.

அக்கா அந்தப் பட்டியலை இரண்டு தடவை படித்தாள். மூன்று மாசமாக எறும்பு டீ கிளாசைக் கையில் பிடிக்காமல் சுவர்மேல் வைத்து, ஆறவிட்டு, இரண்டு கையாலும் எடுத்துக் குடிப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்! திரையில் ஒரு புள்ளி இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவளுக்கு இது கண்ணில் படவே இல்லை.

அவனே வந்தான். கதவைச் சாத்திவிட்டு நின்றான்.

"பாத்துட்டீங்களாக்கா?"

"பாத்துட்டேன். எவ்வளவு நாளா?"

"மூணு மாசம் இருக்கும். காலைல ஒண்ணும் இல்லக்கா. இருபது முப்பது பேரைத் தாண்டினாத்தான்..." வலது கையை நீட்டினான். விரல் நுனிகள் தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எந்த டாக்டர்கிட்ட? இந்த ஊர்ல இருக்கிற அத்தனை டாக்டரும் நம்ம பெரிய டாக்டருக்கு சிநேகம். காலைல காட்டினா மத்தியானம் எனக்குக் கணக்கு முடிஞ்சிடும்."

"பெரிய டாக்டர் என்ன பக்கம்னு கேக்கப் போறாரேடா."

அவன் அதையும் யோசித்து வைத்திருந்தான். "கெட்ட படம் பாத்தேன்னு சொல்லிடுங்க."

"என்னடா உளர்ற?"

"உளறலக்கா. அந்தப் பேரு ஆறு மாசத்துல மறைஞ்சிடும். நாலு பேரு சிரிப்பாங்க, டாக்டர் திட்டுவாரு, தீந்துச்சு. கை நடுங்குதுன்னு ஒரு பேச்சு வந்தா அவ்வளவுதான். அதுக்கப்புறம் எவன் என்கிட்ட கையை நீட்டுவான்? எனக்கு இந்த வேலையை விட்டா வேற எதுவும் தெரியாது."

"கவுண்டர்ல உக்காந்திருக்காளே, அவகிட்ட என்ன சொல்லுவே?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கட்டின மனைவி முன்னால் அசிங்கப்பட்டாலும் பரவாயில்லை, கையைப் பற்றித் தெரியக் கூடாது என்று ஒரு மனுஷன் நிற்கிறான். இந்த நிலைமைக்கு அவனைக் கொண்டுவந்தது யார்? பிரவுசர் புதுசாக இருந்திருந்தால் அந்தப் பக்கம் அவனை ஒன்றும் செய்திருக்காது. ஒரு போலி வைத்தியத்தைப் படித்துவிட்டு எழுந்து போயிருப்பான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அடுத்த வாரம் வெளியூர்ல போய்க் காட்டறேன்னு சொல்லு. சத்தியம் பண்ணு" என்றாள்.

"சத்தியமாக்கா."

சாயங்காலம் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் உட்காரவில்லை. "எந்த மெஷின், எந்த ஆளு, என்ன பக்கம். மூணும் எனக்குத் தெரியணும்" என்றார். கவுண்டர் மெஷின் என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது. இரண்டு பேர் எறும்பைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் மனைவி கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, காதுவரை சிவந்து, யாரையும் பார்க்காமல் நின்றாள்.

"கோளாறு பக்கத்துல இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "பிரவுசர் பழசு. ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சும் பதினாலு மாசம் அப்படியே வெச்சிருந்தது நான். இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு, யாரு எந்தப் பக்கத்தைத் திறந்திருந்தாலும் வந்திருக்கும்."

"அதை அப்புறம் பேசலாம். திறந்தது யாரு?"

எறும்பு ஓரடி முன்னால் வந்தான். "டாக்டர், நான்தான். பாக்கக் கூடாத..."

"நீ சும்மா இரு எறும்பு!" அக்காவின் குரல் அறையையே அதட்டியது. "மெஷினைப் பூட்டாமப் போனது மட்டும்தான் உன் தப்பு. டாக்டர், வெள்ளிக்கிழமை அங்க கழுதை வைக்கப் போனது நான். உக்காந்த இடத்துல எதையோ தேடினேன், வந்த பக்கத்தைத் திறந்தேன். அவ்வளவுதான்."

யாரும் சந்தேகப்படவில்லை. எல்லோருக்குமே ஒரு தடவையாவது அவள் கழுதை வைத்திருக்கிறாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஊரையெல்லாம் அதட்டுகிறவள் மாட்டிக்கொண்டால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. "வேலியே பயிரை மேஞ்சா நான் யாரைக் கேக்கறது?" என்றார். பிறகு மெல்லிய குரலில், எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து கொடுத்துவிட்டு மாசக் கடைசியோடு போய்விடச் சொன்னார். இருபத்தொரு வருஷம். அக்கா சரி என்று தலையாட்டினாள். கீழே இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் கேட்டார்: "எல்லாம் சரி. ஆனா நாளைக்கும் அவன்தானே குத்தப்போறான்?"

"காலைல நல்லாத்தான் இருக்காம். அடுத்த வாரம் காட்டறேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். இந்தக் கூட்டம் முடியட்டும்."

"நான் அந்த மாதிரிக் கையோட வேன் ஓட்டினா விடுவியா?"

அவளுக்குக் கோபம் வந்தது. வேலை போய் நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் போய் வாசல் கதவிலிருந்த சாவியை எடுத்து உள்பக்கம் மாட்டினார்.

செவ்வாயும் புதனும் அவள் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு மெஷினையும் துடைத்துப் புதிதாக நிரப்பினாள். இருபத்தாறில் புது பிரவுசர், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி. ஒன்றில் மட்டும் பழசு. அதைப் படிக்கட்டு அறையில், வெளியே போகிற வயர் எதுவும் இல்லாமல், ஒற்றை பிரிண்டரோடு உட்கார வைத்தாள். பதினாலு மாசம் தள்ளிப்போட்ட வேலைக்கு ஒன்றரை நாள்தான் ஆனது. அதுதான் அவளை அறைந்தது. மஞ்சள் சீட்டுகளை உரித்தபோது பசை மட்டும் வரவில்லை, எல்லாத் திரையின் நெற்றியிலும் ஒரு சதுர அழுக்கு தங்கிவிட்டது.

வியாழக்கிழமை திரும்ப ரத்தம் எடுக்கும் நாள். வரிசை தெருவரைக்கும் நின்றது. வந்தவர்கள் வாழ்த்திக்கொண்டு வரவில்லை. "ஒரு தடவை குடுத்த ரத்தத்தைத் தொலைச்சுட்டு மறுபடியும் கேக்கறீங்களே, என் உடம்புல என்ன குழாயா வெச்சிருக்கேன்?" என்று ஒருவர் சத்தம் போட்டார். நர்சம்மா ஒரு நாற்காலி, எறும்பு ஒரு நாற்காலி. நர்சம்மாவின் வரிசை வேகமாக நகர்ந்தது. எறும்பின் வரிசையில் நின்றவர்கள், நேரமானாலும் பரவாயில்லை என்று அவனுக்காகவே நின்றார்கள்.

பதினொன்றரைக்கு அக்கா கீழே வந்தாள். அவன் அப்போது ஐம்பதாவது ஆளை முடித்துக்கொண்டிருந்தான். வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குத்துவதைப் பார்த்தாள். எழுந்து போன ஆள் பஞ்சை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தான். வரிசையில் அடுத்ததாக ஒரு பெண், இடுப்பில் நாலு வயதுக் குழந்தை. நர்சம்மா தன்னிடம் வரச் சொன்னபோது அந்தப் பெண் மாட்டேன் என்று தலையாட்டினாள். "இவளுக்கு எறும்பு மாமாதான் வேணுமாம். சனிக்கிழமை அழவே இல்ல." குழந்தையும் பெருமையாகச் சொன்னது: "எறும்பு மாமா கடிக்க மாட்டாங்க."

அக்கா என்ன நினைத்தாளோ, குழந்தைக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் டெஸ்ட் பாக்கி. அப்ப ஓடிட்டேன். இப்ப எடு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையை நீட்டினாள்.

முதல் குத்து நரம்பை விட்டு விலகிப்போனது. இரண்டாவது நரம்பைத் துளைத்து மறுபக்கம் போய், தோலுக்கு அடியில் நீலமாக ஊதிக்கொண்டு வந்தது. மூன்றாவதில்தான் ரத்தம் வந்தது. ஊசியைப் பார்த்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள், அன்று மூன்று தடவையும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். வலியில் உயிர் போயிற்று.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"அடுத்தது அந்தக் குழந்தைடா."

"தெரியுதுக்கா. இன்னைக்கு இந்தக் கூட்டம் மட்டும் முடியட்டும். அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

ஐயோ என்றிருந்தது அவளுக்கு. ஒரு எழுத்து மாறாமல் அவளுடைய வார்த்தை. டாக்டர் சொன்னது, அவள் சொன்னது, திங்கட்கிழமை வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னது. ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தும் மூடிவைத்துக் காப்பாற்றியதாக நினைத்தாள். அவள் இன்னொரு மஞ்சள் சீட்டைத்தான் ஒட்டியிருந்தாள், இந்தத் தடவை ஒரு மனுஷன் நெற்றியில்.

பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்தாள். "கவுண்டர்! இங்க வாம்மா" என்று கூப்பிட்டாள்.

எறும்பின் முகம் வெளுத்தது. "அக்கா, வேண்டாம்க்கா. உங்க கால்ல வேணா விழறேன்."

அவன் மனைவி வந்து நின்றாள். அக்கா மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் இருபத்தொரு வருஷமாக இரண்டு மாடிக்கும் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை அது, மெதுவாக வரவில்லை. "இவன் கை நடுங்குது. மூணு மாசமா நடுங்குது. அன்னைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தது இவன்தான், நான் இல்ல. அசிங்கமா எதையும் பாக்கல, கைக்கு மருந்து தேடியிருக்கான். நான் பொய் சொன்னேன். இப்பவே இவனை ஒரு நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

கூடம் முழுக்கக் கேட்டது. இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் அதன் சட்டைக் கையை மெல்லக் கீழே இழுத்துவிட்டாள். எறும்பு அதைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். "நீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டான். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினான், அது இரண்டு மூன்று இழுப்பில்தான் வந்தது. மனைவி அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின.

குழந்தைக்கு நர்சம்மா எடுத்தாள். அது வீறிட்டு அழுதது.

பெரிய டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு, போக வேண்டாம் என்று சொல்லவில்லை. "பழசா வெச்சிருந்தது நீங்கதானே" என்றார். அது சரிதான் என்று அவளுக்கும் பட்டது. எறும்பைப் பரிசோதித்தவர்கள் உயிருக்கு ஒன்றும் இல்லை, மாத்திரையில் குறையும், ஆனால் இனி ஊசி பிடிக்கக் கூடாது என்றார்கள். அவனை ரத்தம் பிடித்த குப்பிகளுக்குப் பெயர் ஒட்டும் மேஜையில், ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். அக்கா கையிலிருந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, பத்து நாளில் மறைந்தது. அவன் அவளிடம் பேசவில்லை. பதினோரு மணிக்கு அவள் மட்டும் சுவரோரம் நின்று டீ குடித்தாள்.

மாசக் கடைசி நாள் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்தாள். பெயர் ஒட்டும் மேஜையில் ஆள் இல்லை. கம்ப்யூட்டர் பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. "இவ்வளவு பட்டும் இவனுக்குப் புத்தி வரல பாரேன்!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

கவுண்டரிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "புத்தி வராம இல்லக்கா. நாலு நாளா டீக்குப் போறப்ப எல்லாம் வேணும்னேதான் திறந்து போட்டுட்டுப் போறாரு. திரும்பி வந்ததும் முதல்ல திரையைத்தான் பாக்கறாரு. நீங்கதான் இந்தப் பக்கமே வரல."

அக்கா பையைக் கீழே வைத்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுதையைத் தேடி எடுக்க வழக்கத்தைவிட அதிக நேரமானது, கண்ணீரில் திரையே சரியாகத் தெரியவில்லை.